தங்கம் இல்லாத ஆண்டுகள்

வெற்றி பெற்றவர்களின் கதையைச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் இரண்டு நாள்களை மட்டுமே சொல்கிறோம். ஒன்று, உலகம் அவர்களை முதன்முதலில் கண்டுகொண்ட நாள். மற்றொன்று, அவர்கள் உச்சத்தைத் தொட்ட நாள். இடையே கழிந்த ஆண்டுகளைப் ‘பல தடைகளைத் தாண்டி’ என்ற மூன்று சொற்களில் அடக்கிவிடுகிறோம். சிங்கப்பூரின் விரைவோட்ட வீராங்கனை சாந்தி பெரேராவின் கதையும் இப்படித்தான் சொல்லப்படுகிறது. 2015இல் தங்கம் வென்றார். பல தடைகளைத் தாண்டி 2023இல் ஆசியாவின் வெற்றியாளர் ஆனார். அந்த மூன்று சொற்களுக்குள் எட்டு ஆண்டுகள் மறைந்துகிடக்கின்றன. அவருடைய விளையாட்டு வாழ்க்கையிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த எட்டு ஆண்டுகளில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் அந்த இரண்டு நாள்களைப் பார்ப்போம். 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் தென்கிழக்காசிய விளையாட்டுகள் சிங்கப்பூரில் நடைபெற்றன. காலாங்கில் உள்ள தேசிய விளையாட்டரங்கில் பெண்களுக்கான 200 மீட்டர் இறுதி ஓட்டம். சாந்திக்கு அப்போது வயது 18. சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளியில் படித்து வளர்ந்தவர். அன்று அவர் 23.60 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். அது புதிய தேசியச் சாதனையாகவும் அமைந்தது.

அந்தத் தங்கத்திற்குப் பின்னால் ஒரு நீண்ட காத்திருப்பு இருந்தது. 1973ஆம் ஆண்டு, இதே காலாங்கில் இருந்த பழைய தேசிய விளையாட்டரங்கில், தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகள் நடந்தன. அதில் குளோரி பர்னபாஸ் என்ற வீராங்கனை 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அதன்பின் 42 ஆண்டுகள் அந்த ஓட்டத்தில் சிங்கப்பூர்ப் பெண் ஒருவருக்கும் தங்கம் கிடைக்கவில்லை. பழைய அரங்கம் இடிக்கப்பட்டு, அதே இடத்தில் புதிய அரங்கம் எழுந்த பிறகே சாந்தி வந்தார். அன்று நாடே அவரைக் கொண்டாடியது வியப்பில்லை.

ஆனால், கொண்டாட்டம் முடிந்ததும் எதிர்பார்ப்பு தொடங்கிவிடுகிறது. 18 வயதில் இப்படி ஓடுபவர் 20 வயதில் எப்படி ஓடுவார் என்று எல்லாரும் கணக்குப் போடத் தொடங்குகிறோம். ஒரு முறை வென்றவர் அடுத்த முறையும் வெல்லக் கடமைப்பட்டவர் என்று நாமே தீர்மானித்துக்கொள்கிறோம். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். முளையிலே தெரிந்த பயிர்கூட விளைவதற்குத் தனக்குரிய காலத்தை எடுத்துக்கொள்ளும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

2017ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தென்கிழக்காசிய விளையாட்டுகள் நடந்தன. 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் வியட்நாமின் லே தூ சின் தங்கம் வென்றார். 2019ஆம் ஆண்டு பிலிப்பீன்சில் நடந்த விளையாட்டுகளிலும் சாந்திக்குத் தங்கம் கிட்டவில்லை. அந்தக் காலத்தில் காயங்கள் அவரைத் தொடர்ந்து வந்தன. பல்கலைக்கழகப் படிப்பையும் பயிற்சியையும் ஒருசேரச் சுமக்க வேண்டியிருந்தது. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்தவர் அவர். ஒரு கட்டத்தில் அவருக்குக் கிடைத்துவந்த விளையாட்டு உபகாரச் சம்பளமும் நின்றது. ஓட்டத்தையே விட்டுவிடலாமா என்று எண்ணிய காலமும் உண்டு என்பதை அவரே பின்னர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

2021ஆம் ஆண்டு நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் அவருக்கு ஓட வாய்ப்புக் கிடைத்தது. தகுதி நேரத்தை எட்டி அவர் அங்குச் செல்லவில்லை. எல்லா நாடுகளும் பங்கேற்க வேண்டும் என்பதற்காக ஒதுக்கப்படும் சிறப்பு இடத்தில்தான் சென்றார். 200 மீட்டர் தகுதிச் சுற்றில் அவர் ஓடிய நேரம் 23.96 விநாடி. அடுத்த சுற்றுக்கு அவர் முன்னேறவில்லை.

இந்த இடத்தில் சற்று நின்று ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2015இல் 23.60. ஆறு ஆண்டுகள் கழித்து 23.96. அதாவது, 18 வயதில் ஓடியதைவிட 24 வயதில் 0.36 விநாடி மெதுவாக ஓடியிருக்கிறார். இந்த இரண்டு எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, பெயரை மறைத்துவிட்டு, “இவருக்கு இன்னும் வாய்ப்பளிக்கலாமா?” என்று நம்மிடம் கேட்டிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? பெரும்பாலானோர், “பாவம், இவருடைய நல்ல காலம் முடிந்துவிட்டது” என்றே சொல்லியிருப்போம். அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமாக எண்களையே காட்டியிருப்போம்.

அந்தத் தீர்ப்பு எவ்வளவு தவறானது என்பதை அடுத்த இரண்டு ஆண்டுகள் காட்டின. 2022ஆம் ஆண்டு மே மாதம் ஹனோயில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் சாந்தி 200 மீட்டரை 23.52 விநாடியில் ஓடி மீண்டும் தங்கம் வென்றார். ஏழு ஆண்டுகளாகத் தம் பெயரிலேயே இருந்த தேசியச் சாதனையைத் தாமே முறியடித்தார். 2023ஆம் ஆண்டு மே மாதம் நோம்பென்னில் 22.69 விநாடியில் ஓடி, அந்த விளையாட்டுகளின் சாதனையையும் படைத்தார். 100 மீட்டரிலும் 11.41 விநாடியில் தங்கம் அவருக்கே. ஜூலையில் பேங்காக்கில் நடந்த ஆசியத் திடல்தட வெற்றியாளர் போட்டியில் 100 மீட்டரை 11.20 விநாடியிலும் 200 மீட்டரை 22.70 விநாடியிலும் ஓடி, இரண்டிலும் ஆசியாவின் முதலிடத்தைப் பிடித்தார். ஆகஸ்ட்டில் புடாபெஸ்ட்டில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியில் 200 மீட்டரை 22.57 விநாடியில் ஓடி அரையிறுதிக்கு முன்னேறினார். பாரிஸ் ஒலிம்பிக்கிற்கான தகுதி நேரமும் மிகச் சரியாக அந்த 22.57 விநாடிதான். சிறப்பு இடத்தில் ஒலிம்பிக்கிற்குச் சென்றவர், இம்முறை தம் கால்களின் வேகத்தாலேயே தகுதி பெற்றார்.

2023 அக்டோபர் 2ஆம் தேதி அந்த ஆண்டின் உச்சம் வந்தது. சீனாவின் ஹாங்ஜோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுகளில், 100 மீட்டரில் ஏற்கெனவே வெள்ளி வென்றிருந்த சாந்தி, 200 மீட்டரை 23.03 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுகளின் திடல்தடப் போட்டிகளில் சிங்கப்பூர் அதற்குமுன் தங்கம் வென்றது 1974ஆம் ஆண்டு தெஹ்ரானில். அன்று 400 மீட்டரில் வென்றவர் சீ சுவீ லீ. அவருக்குப் பின் அடுத்த தங்கத்திற்கு நாடு 49 ஆண்டுகள் காத்திருந்தது.

23.60 விநாடிக்கும் 22.57 விநாடிக்கும் உள்ள வேறுபாடு 1.03 விநாடி. பேச்சு வழக்கில் அது ஒன்றுமே இல்லை. ஆனால், 2015இன் சாந்தியையும் 2023இன் சாந்தியையும் அருகருகே ஓடவிட்டதாகக் கற்பனை செய்து பாருங்கள். பின்னவர் கோட்டைத் தொடும்போது முன்னவர் ஏறக்குறைய 9 மீட்டர் பின்னால் இருப்பார். 18 வயதில் நாடே கொண்டாடிய அந்த ஓட்டம், 26 வயதின் ஓட்டத்திற்கு அருகில்கூட வர இயலாது.

இன்னும் ஒரு கணக்கு உண்டு. 2015லிருந்து 2022 வரை, அந்த ஏழு ஆண்டுகளில் அவருடைய தேசியச் சாதனை 23.60லிருந்து 23.52க்குக் குறைந்தது. அதாவது, 0.08 விநாடி முன்னேற்றம். அடுத்த ஒரே ஆண்டில் 23.52லிருந்து 22.69க்குக் குறைந்தது. அதாவது, 0.83 விநாடி முன்னேற்றம். ஏழு ஆண்டுகளில் வராதது ஓராண்டில் வந்தது எப்படி? அந்த ஏழு ஆண்டுகள் வீணானவை என்று இதற்குப் பொருள் கொள்ளலாமா? கிணறு தோண்டுபவர் முப்பது அடி ஆழத்தில் நீரைக் கண்டால், முதல் இருபத்தொன்பது அடியை வீண் வேலை என்று சொல்லமாட்டார். மேலிருந்து எட்டிப் பார்ப்பவருக்குத்தான் அது வெறும் மண்ணாகத் தெரியும்.

விரைவோட்டம் எப்படிப்பட்ட கலை என்பதை அறிந்தால் இது இன்னும் விளங்கும். பலர் நினைப்பதுபோல் அது ‘முழு வேகத்தில் ஓடு’ என்பதோடு முடிந்துவிடுவதில்லை. வெடியொலி கேட்டு 0.1 விநாடிக்குள் உடலை அசைத்தால் தவறான தொடக்கம், ஓட்டக்காரர் விலக்கப்படுவார். தாமதமாக எழுந்தாலோ ஓட்டம் கைநழுவிப் போகும். எழுந்த பிறகு, உடலைச் சாய்த்து, தரையை வலுவாகப் பின்னுக்குத் தள்ளிப் படிப்படியாக வேகத்தைக் கூட்ட வேண்டும். 200 மீட்டரின் முதற்பாதி வளைவில் அமைந்திருப்பதால், உடலை வெளிப்பக்கம் தள்ளும் விசையைச் சமாளித்துக்கொண்டே வேகம் குறையாமல் ஓட வேண்டும். உச்ச வேகத்தில் ஒவ்வோர் அடியும் தரையைத் தொடும் நேரம் ஏறக்குறைய 0.1 விநாடி மட்டுமே. அந்த நேரத்திற்குள் கால் தரும் விசைதான் அடுத்த அடியின் நீளத்தைத் தீர்மானிக்கிறது.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. விரைவோட்டத்தின் இறுதியில் எல்லாரும் மெதுவாகிவிடுகிறார்கள். முன்னால் ஓடுபவர் கடைசி 50 மீட்டரில் இன்னும் வேகமெடுப்பதாக நம் கண்ணுக்குத் தோன்றும். உண்மையில், மற்றவர்களைவிடக் குறைவாக வேகம் இழப்பவரே வெல்கிறார். களைப்பு வரும்போது உடலின் ஒழுங்கு குலையாமல் காப்பதே அந்த வெற்றியின் இரகசியம். அந்த ஒழுங்கைத் தசைகளுக்குக் கற்றுக்கொடுக்க மாதங்கள் போதா; ஆண்டுகள் வேண்டும். தொடையின் பின்தசையில் ஒரு காயம் ஏற்பட்டால், கற்றதில் பாதியை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சாந்தி அதைத்தான் செய்தார். போர்த்துகலைச் சேர்ந்த முன்னாள் ஒலிம்பிக் ஓட்டக்காரர் லூயிஸ் குன்யாவின் பயிற்சியில், தம் ஓட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் பொறுமையாகச் செப்பனிட்டார். அந்த நாள்களில் அவரைப் படம்பிடிக்க யாரும் வரிசையில் நிற்கவில்லை. மழைக்கால மாலைகளில், காலியாகக் கிடக்கும் இருக்கைகளுக்கு முன்னால் ஓடுவதற்கும் நிறைந்த அரங்கில் ஓடுவதற்கும் வேண்டிய மனவலிமை வேறு வேறு. நிறைந்த அரங்கு ஓடுபவருக்கு ஊக்கத்தைக் கொடுக்கும். காலி இருக்கைகளுக்கு முன்னால் அந்த ஊக்கத்தை அவரே கொண்டுவர வேண்டும்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழலாம். “விளையாட்டுக்காகச் செலவிடப்படுவது பொதுப்பணம். அது அளவில்லாமல் கிடைப்பதன்று. முன்னேற்றம் காட்டாத ஒருவருக்கு எத்தனை ஆண்டுகள் கொடுத்துக்கொண்டே இருப்பது? அதே பணத்தை நன்றாக ஓடும் இன்னோர் இளையருக்குக் கொடுத்தால் என்ன?” இந்தக் கேள்வியை நாம் ஒதுக்கிவிட முடியாது. வரையறை இல்லாத உதவி நீடிக்காது; பெறுபவருக்கும் அது நன்மை செய்யாது. உபகாரச் சம்பளம் வழங்குவோர் ஏதோ ஓர் அளவுகோலை வைத்தே ஆக வேண்டும்.

ஆனால், உதவித்தொகையைக் குறைப்பது வேறு; கதவைச் சாத்துவது வேறு. ஓர் ஓட்டக்காரருக்குப் பணத்தைவிட அடிப்படையான தேவைகள் சில உள்ளன. ஓடுவதற்குத் தடம் வேண்டும். தவற்றைக் கண்டு திருத்தப் பயிற்றுவிப்பாளர் வேண்டும். காயம்பட்டால் முறையான சிகிச்சை வேண்டும். தகுதியான போட்டிகளில் கலந்துகொள்ள வழி வேண்டும். இவை நான்கும் இருந்தால், உபகாரச் சம்பளத்தை இழந்தவரும் தம்மைத் திரும்ப நிரூபிக்க முடியும். இவையும் பறிபோனால், அவர் திரும்பி வருவதற்கான பாதையே இல்லாமற்போகும். மேலும், ஒருவர் ஏன் பின்தங்கினார் என்பதையும் கேட்டறிய வேண்டும். முயற்சி குறைந்து பின்தங்குவதும் காயத்தாலோ படிப்புச் சுமையாலோ பின்தங்குவதும் நேரப்பலகையில் ஒரே எண்ணாகத்தான் தெரியும். அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள காரணத்தைப் பார்க்காமல் எடுக்கும் முடிவு, கணக்கில் சரியாக இருந்தாலும் நீதியில் குறையுடையதாகவே இருக்கும்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடினமானது. “சாந்தி வென்றார்; அதனால் அவருடைய பொறுமையைப் புகழ்கிறோம். அவரைப் போலவே பொறுமையாக ஓடியும் கடைசிவரை வெல்லாதவர்கள் எத்தனை பேர்? அவர்களுடைய ஆண்டுகள் வீண்தானே?” இது உண்மையான கேள்வி. விடாமுயற்சி இருந்தால் வெற்றி உறுதி என்று மாணவர்களிடம் சொல்வது பொய் வாக்குறுதி. ஒரு தடத்தில் எட்டுப் பேர் ஓடினால் ஒருவர்தான் முதலில் வருவார். மற்ற ஏழு பேரும் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

என்றாலும், எந்த விதை முளைக்கும் என்று முன்கூட்டியே தெரியாத உழவர் எல்லா விதைகளுக்கும் நீர் ஊற்றுகிறார். 2021இல் 23.96 விநாடியில் ஓடியவர் 2023இல் 22.57 விநாடியில் ஓடுவார் என்று யாராலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. நமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எண்ணிக்கொண்டு, அவசரமாக ஒருவரைக் கைவிடுவதுதான் தவறு. வெல்லாதவர்களுடைய ஆண்டுகளும் வீண் போவதில்லை. உடலைப் பேணும் பழக்கம், தோல்விக்கு அடுத்த நாள் காலையிலும் எழுந்து பயிற்சிக்குச் செல்லும் மனம், அடுத்தவரின் வெற்றியைக் கைதட்டிப் பாராட்டும் பண்பு ஆகியவை வாழ்நாள் முழுவதும் அவர்களுடனேயே இருக்கும்.

இதற்கு நல்ல சான்று குளோரி பர்னபாஸ். 1973இல் தங்கம் வென்ற அவர் ஓர் ஆசிரியர். தேசிய அணிக்காக ஓடிய காலம் முடிந்த பிறகும் அவர் ஓடுவதை நிறுத்தவில்லை. மூத்தோருக்கான திடல்தடப் போட்டிகளில் பல்லாண்டுகள் கலந்துகொண்டார். அவருடைய வாழ்க்கையில் தங்கப் பதக்கம் ஒரு நாள். ஓட்டம் ஒரு வாழ்நாள். பதக்கத்திற்காக மட்டுமே ஓடியிருந்தால் 1973ஆம் ஆண்டிலேயே அவர் நின்றிருக்கலாம்.

இந்தச் சிந்தனை மாணவிகளுக்கு மிகவும் தேவை என்று நான் கருதுகிறேன். உயர்நிலை மூன்று, நான்கில் படிக்கும்போது விளையாட்டைக் கைவிடும் பெண் பிள்ளைகளை நாம் எல்லாரும் அறிவோம். “இந்த ஆண்டு தேர்வு இருக்கிறது, இனி ஓட்டம் வேண்டாம்” என்பது வீட்டில் கேட்கும் குரல். “முன்பு போல ஓட முடியவில்லை” என்பது மாணவியின் மனத்தில் கேட்கும் குரல். பதின்ம வயதில் உடல் வளரும்போது, பெண்களின் ஓட்ட நேரம் சில காலம் முன்னேறாமல் நிற்பதுண்டு. சில சமயம் பின்னுக்கும் போகும். அது இயற்கை. ஆனால், அதை யாரும் எடுத்துச் சொல்லாததால், “எனக்குத் திறமை இவ்வளவுதான்” என்று அந்த மாணவி முடிவு கட்டிவிடுகிறாள். பயிற்றுவிப்பாளரும் பெற்றோரும் அந்த நேரத்தில் சொல்லும் ஒரு சொல், அவள் ஓடுவாளா நிற்பாளா என்பதைத் தீர்மானிக்கக்கூடும்.

பெற்றோரின் கவலையையும் குறைத்து மதிப்பிடக்கூடாது. விளையாட்டை நம்பி வாழ்வது கடினம். கல்வி கைகொடுக்கும் என்ற எண்ணம் அனுபவத்திலிருந்து பிறந்தது. ஆனால், ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றதை விட்டுவிடத்தான் வேண்டும் என்பதில்லை. கணக்கியல் படித்த சாந்தியே இதற்குச் சான்று. படிப்பும் பயிற்சியும் ஒன்றாகச் செல்லும்போது சில ஆண்டுகள் நேரப்பலகையில் முன்னேற்றம் தெரியாமல் போகலாம். அந்த ஆண்டுகளைப் பொறுத்துக்கொள்ளும் மனம் குடும்பத்துக்கும் வேண்டும்.

ஓட்டத்தடத்தில் நடப்பது வகுப்பறையிலும் நடக்கிறது. ஒரு தேர்வில் பெற்ற மதிப்பெண்ணை வைத்து, “நீ இவ்வளவுதான்” என்று ஒரு பிள்ளையைப் பற்றித் தீர்ப்பெழுதிவிடுகிறோம். 12 வயதில் எழுதும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு ஒருவருடைய முழுத் திறமையையும் காட்டிவிடாது. 2024ஆம் ஆண்டு முதல் உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவர்களை விரைவுநிலை, வழக்கநிலை என்று பிரிக்கும் முறை இல்லை. ஒவ்வொரு பாடத்தையும் அவரவர் திறனுக்கேற்ற நிலையில் படிக்கலாம். முன்னேற்றம் காணும்போது உயர்ந்த நிலைக்கு மாறிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. பிள்ளைகள் எல்லாரும் ஒரே நாளில் மலர்வதில்லை என்பதைக் கல்வித்துறை ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது. ஆனால், முறை மாறினால் மட்டும் போதாது. “உன் அண்ணன் உன் வயதில் எவ்வளவு மதிப்பெண் எடுத்தான் தெரியுமா?” என்று கேட்கும் நம் பழக்கமும் மாற வேண்டும்.

நம்முடைய பொறுமைக்கு உண்மையான சோதனை 2024ஆம் ஆண்டில் வந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கில் சாந்தி 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் ஓடினார். அந்த ஆண்டின் தொடக்கத்தில் காலில் ஏற்பட்ட காயம் அவருடைய பயிற்சியைப் பாதித்திருந்தது. இரண்டு ஓட்டங்களிலும் அவர் அரையிறுதியை எட்டவில்லை. 2023இன் கதையை மட்டும் விரும்பியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கலாம். ஆனால், அவருடைய விளையாட்டு வாழ்க்கையை முழுமையாகப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. மேட்டில் ஏறுவதும் பள்ளத்தில் இறங்குவதும் அந்தப் பாதையின் இயல்பு. 2015க்குப் பிறகு செய்த அதே அவசரக் கணக்கை நாம் மீண்டும் போடுகிறோமா என்பதுதான் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

அப்படியானால் நாம் செய்யக்கூடியவை என்ன? பள்ளிகள், விளையாட்டு விழாவில் முதல் மூன்று இடங்களைப் பெறுவோரைப் பாராட்டுவதுடன், சென்ற ஆண்டின் தம் சொந்த நேரத்தை முறியடித்த ஒவ்வொரு மாணவரையும் பெயர் சொல்லிப் பாராட்டலாம். காயத்தால் விலகிய மாணவரை அணியிலிருந்து நீக்கிவிடாமல், நேரம் குறிப்பது, இளைய மாணவர்களுக்குத் துணையாக இருப்பது போன்ற பொறுப்புகளைக் கொடுத்து, குணமானதும் திரும்பிவர வழி வைக்கலாம். பெற்றோர், போட்டி முடிந்து வரும் பிள்ளையிடம் “எத்தனையாவது வந்தாய்?” என்று கேட்பதற்கு முன், “இன்று எப்படி ஓடினாய்?” என்று கேட்கலாம். பார்வையாளர்களாகிய நாம், வென்ற நாளில் மட்டும் கைதட்டாமல், தகுதிச் சுற்றிலேயே வெளியேறும் நாளிலும் கைதட்டலாம். இவற்றுள் எதற்கும் பெரிய செலவு ஆகாது.

சாந்தி பெரேராவின் பெயர் பதிவேடுகளில் 2015, 2022, 2023 ஆகிய ஆண்டுகளுக்கு எதிரே தங்க எழுத்துகளில் இருக்கும். இடையில் உள்ள ஆண்டுகளுக்கு எதிரே அப்படி ஒன்றும் இருக்காது. ஆனால், அந்த ஆண்டுகளில் அவர் ஓடுவதை நிறுத்தியிருந்தால், பின்னால் வந்த தங்கங்களும் இருந்திருக்கா. இப்போதும், ஏதோ ஒரு பள்ளித் திடலில், சென்ற ஆண்டைவிட மெதுவாக ஓடிய ஒரு மாணவி காலணியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, நாளை பயிற்சிக்கு வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பாள். “வா” என்று அவளிடம் சொல்ல அங்கே ஒருவர் இருக்க வேண்டும்.